கதையும் எழுதிக்கொண்டு சக எழுத்தாளர்களுக்கு மதிப்புரையும் எழுதலாமா? ஒரு வருட அனுபவம்

கோடைமரம்:

நண்பர்களுக்கு வணக்கம். கடந்த ஒரு வருடமாக இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்துவந்தேன். சமகாலப் புனைவுகளுக்கு ஏறக்குறைய மாதத்துக்கு ஒன்று என்று மதிப்புரை எழுதினேன். கூடவே என் சிறுகதைகளும் அச்சிதழ்களிலும் இணைய இதழ்களிலும் வந்தன. ஒரு வேலை இன்னொன்றை என்ன செய்தது என்று பேசத்தான் இந்த இழை. நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் புத்தகத் தேர்வு. பெயர் பெற்றவரின் நாவல் வந்தால் உடனே பலரும் எழுதிவிடுகிறார்கள். முதல் தொகுப்பு போடுகிறவருக்கு அட்டைப்படத்தோடு வாழ்த்து வருகிறது, வாசிப்பு வருவதில்லை. தேவைக்கேற்ப அச்சிடும் முறை வந்த பிறகு புத்தகம் போடுவது எளிதாகிவிட்டது. அதை முழுக்கப் படித்து நாலு வார்த்தை சொல்கிறவர் கிடைப்பதுதான் கஷ்டம். அதனால் முதல், இரண்டாம் தொகுப்புகளையே அதிகம் எடுத்துக்கொண்டேன். இரண்டாம் தொகுப்பு தனி ரகம். முதலாவதில் அதுவரை வாழ்ந்த வாழ்க்கை முழுவதும் இறங்கிவிடும். கையிருப்பு தீர்ந்த பிறகு என்ன எழுதுகிறார் என்பது இரண்டாவதில்தான் தெரியும்.

ஒவ்வொரு புத்தகத்தையும் இரண்டு முறை படித்தேன். முதல் முறை கையில் பென்சில் கிடையாது, வெறும் வாசகராக மட்டும். எந்தக் கதையில் நின்றேன், எதைப் பாதியில் மூடிவைத்தேன் என்பது நினைவில் தானாகத் தங்கும். இரண்டாம் முறை அந்த இடங்களுக்கு மட்டும் திரும்பிப் போய், ஏன் என்று தேடுவேன். மதிப்புரையில் பாதி வேலை இந்த ‘ஏன்’தான்.

தொகுப்பு மதிப்புரையில் ஒரு பழக்கத்தை நாம் விட்டொழிக்க வேண்டும். பன்னிரண்டு கதை இருந்தால் கதைக்கு ஒரு வரி வீதம் வருகைப் பதிவேடு எடுப்பது. “மூன்றாம் கதை தாய்மையைப் பேசுகிறது, நான்காம் கதை சாதியைப் பேசுகிறது” என்று போய்க்கொண்டே இருக்கும். படித்து முடித்தால் அந்த எழுத்தாளர் ஒரு வாக்கியத்தை எப்படி எழுதுவார் என்று கூடத் தெரியாது. நான் மூன்று கதைகளை மட்டும் எடுத்துக்கொள்வேன், அதில் ஒன்று பலவீனமான கதையாக இருக்கும். அது எந்த இடத்தில் சரிந்தது என்று காட்டினால், மற்றவை எப்படி நிற்கின்றன என்பதும் விளங்கும்.

இப்படிப் படித்ததில் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது கடைசிப் பத்தி. யாருடைய கதையையும் சுட்டாமல் நானே ஒன்றைக் கற்பனையாகச் சொல்கிறேன். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வந்த தங்கை, அண்ணன் நீட்டிய பேனாவை வாங்கும்போது அவன் சட்டைப் பையில் மை கசிந்திருப்பதைப் பார்க்கிறாள். சொல்லலாமா என்று நினைக்கிறாள், சொல்லாமல் கையெழுத்துப் போடுகிறாள். கதை அங்கேயே முடிந்துவிட்டது. ஆனால் அதற்குக் கீழே இன்னும் ஒரு பத்தி வரும்: உறவுகளில் படியும் கறை பற்றி, பணத்தின் முன் பாசம் தோற்பது பற்றி. நல்ல கண்ணும் நல்ல காதும் உள்ளவர்களே இதைச் செய்கிறார்கள். வாசகருக்குப் புரியாமல் போய்விடுமோ என்ற பயம் அது.

இன்னொன்று, பேச்சு ஒரு மொழியிலும் விவரிப்பு இன்னொரு மொழியிலும் இருப்பது. அதில் தவறே இல்லை, நம் மூத்தவர்கள் பலர் அப்படித்தான் எழுதினார்கள். சிக்கல் எங்கே வருகிறதென்றால், பாத்திரம் தன் வட்டார மொழியில் ஒன்று சொல்கிறது, கதைசொல்லி உடனே மேலிருந்து அதற்குப் பொழிப்புரை எழுதுகிறார். அந்த மனிதரைவிடத் தனக்கு அதிகம் தெரியும் என்ற தோரணை வந்துவிடுகிறது. பிரச்சினையைப் பேசும் கதைகளிலும் இதுதான் கேடு. அந்த மனிதருக்குக் கதைக்கு வெளியே ஒரு வேலை, ஒரு ஆசை, ஒரு அற்பத்தனம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பேன். இல்லையென்றால் அவர் சாட்சி சொல்ல வந்தவர், பாத்திரம் இல்லை.

இதெல்லாம் என் கதைகளுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. இப்போது கதை முடிந்ததும் கடைசிப் பத்தியைத் தனித்தாளில் பிரித்து வைத்துவிடுகிறேன். சில நாள் கழித்து, அது இல்லாமல் கதை நிற்கிறதா என்று பார்ப்பேன். பெரும்பாலும் நின்றுவிடும்.

இனி நான் கேட்க வந்தது. ஒருவருடைய தொகுப்பைப் பற்றிக் குறையும் நிறையுமாக எழுதியிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, நான் கதை அனுப்பியிருந்த இதழின் ஆசிரியர் குழுவில் அவரும் இருக்கிறார் என்று. கதைக்குப் பதிலே வரவில்லை. காரணம் அதுவா வேறா, எனக்குத் தெரியாது. இரண்டையும் செய்கிறவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

தூரதேசி:

நீங்க நல்லா கதை எழுதறவங்க, அதனால நேராவே சொல்லிடறேன். மதிப்புரையை விட்டுடுங்க.

நம்ம இலக்கியச் சூழல் ரொம்பச் சின்னது. எழுதறவர், பதிப்பிக்கறவர், இதழ் நடத்தறவர், விருதுக் குழுவில இருக்கறவர் எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சவங்க. பாராட்டி எழுதினா “அடுத்து இவங்க புக் வரப்போகுது, அதான்”னு சொல்வாங்க. குறை சொன்னா “பொறாமை”ன்னு சொல்வாங்க. ரெண்டுலயும் உங்க வாசிப்புக்கு மரியாதை இல்ல. இருபது வருஷம் கழிச்சு நிக்கப்போறது உங்க கதைதான். இல்லன்னா புனைபெயர்ல எழுதுங்க. புத்தகத்தைப் பத்திச் சொல்லணும், அவ்வளவுதானே? பேர் எதுக்கு?

பழைய ஏடு:

தூரதேசி சொல்வதில் நடைமுறை அறிவு இருக்கிறது. ஆனால் நம் மொழியில் நவீன விமர்சனத்தைத் தொடங்கியவர்களே கதை எழுதியவர்கள்தான் என்பதை மறந்துவிட வேண்டாம்.

மணிக்கொடி இதழ் 1933இல் தொடங்கிற்று. பிற்பாடு பி.எஸ். ராமையா பொறுப்பில் சிறுகதை இதழாக மாறியது. அங்கே எழுதியவர்கள் ஒருவரை ஒருவர் எடைபோட்டுக்கொண்டேதான் எழுதினார்கள். மௌனியைச் ‘சிறுகதையின் திருமூலர்’ என்று சொன்னவர் புதுமைப்பித்தன், அதே காலத்தில் அதே வடிவத்தில் எழுதிய போட்டியாளர். இன்றுவரை மௌனியைப் பேசுகிறவர்கள் அந்தச் சொல்லிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பாரதி மகாகவியா என்ற சர்ச்சையில் கு.ப. ராஜகோபாலனும் சிட்டியும் சேர்ந்து 1937இல் ஒரு விமர்சன நூலே கொண்டுவந்தார்கள். இருவரும் கதாசிரியர்கள். க.நா. சுப்ரமண்யம் (க.நா.சு.) நாவலும் எழுதினார், சிறந்த எழுத்தாளர்கள் யார் யார் என்று பட்டியலும் போட்டார். அந்தப் பட்டியல்களால் அவருக்கு வந்த பகை கொஞ்சநஞ்சமில்லை. 1986இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தது விமர்சன நூலுக்கு.

சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் ‘எழுத்து’ தொடங்கியபோது அவர் ஏற்கெனவே பேர் பெற்ற சிறுகதைக்காரர். விமர்சனத்துக்கென்றே ஒரு ஏடு வேண்டும் என்று பிடிவாதமாக நின்று 1970 வரை நடத்தினார். அந்த ஆண்டுகளில் அவர் கதை மட்டும் எழுதியிருந்தால் இன்னும் சில தொகுப்புகள் கிடைத்திருக்கும். ‘எழுத்து’ கிடைத்திருக்காது.

பெயர் போடாமல் எழுதுவது பற்றி: லண்டனிலிருந்து வரும் டைம்ஸ் லிட்டரரி சப்ளிமெண்ட் 1902இல் தொடங்கி 1974 வரை மதிப்புரைகளைப் பெயரில்லாமல்தான் வெளியிட்டது. வர்ஜீனியா வுல்ஃப் அதில் அப்படி ஏராளமாக எழுதியிருக்கிறார். பெயரில்லாததால் நேர்மையாக எழுதலாம் என்பது ஒரு பக்கம். யார் யாரைப் பழிதீர்க்கிறார் என்று வாசகருக்குத் தெரியாமல் போவது மறுபக்கம். கடைசியில் பெயர் போடுவதென்று முடிவெடுத்தார்கள். சின்னச் சூழலில் புனைபெயர் இன்னும் ஆபத்து. நடையை வைத்து யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள், ஒளிந்து எழுதினார் என்ற பேரும் சேர்ந்துவரும்.

வடலி:

எங்கட ஈழத்துப் பக்கத்தில இருந்தும் ஒண்டு சொல்லலாம் எண்டு நினைக்கிறன். டொமினிக் ஜீவா 1966இல ‘மல்லிகை’ இதழைத் தொடங்கேக்க அவரும் சிறுகதை எழுத்தாளர்தான். தானும் எழுதிக்கொண்டு மற்றவையளையும் எழுத வைச்சு, அவையளைப் பற்றி விவாதிக்கவும் இடம் குடுத்தவர். அதால கதாசிரியர் விமர்சிக்கக்கூடாது எண்டதை நான் ஏற்கமாட்டன்.

ஆனால் இப்ப எனக்கு இருக்கிற கவலை வேற. வெளியீட்டு விழாவில பேசின உரையைத்தான் பிறகு மதிப்புரை எண்டு போடுகினம். மேடையில ஆசிரியற்ற அம்மா அப்பா முன்வரிசையில இருக்கினம். அங்க ஆர் குறை சொல்லுவினம்? சொல்லவும் கூடாது, அது அவையின்ர நாள். பிழை என்னெண்டா, அந்த உரை அப்பிடியே இதழுக்குப் போறது. பிறகு அந்தப் புத்தகத்துக்கு மதிப்புரை வந்திட்டுது எண்டு கணக்கு முடிஞ்சிடும். ஒரு மூண்டு மாதம் கழிச்சு ஆறுதலா வாசிச்சு எழுதிற ஆளுக்கு இதழில இடமில்லை. கோடைமரம், நீங்கள் இந்த ஒரு வருசத்தில விழா உரை ஏதும் செய்தனீங்களோ?

மெய்ப்பு:

ஒரு சிறிய இதழில் கதைகளைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் இருக்கிறேன். இதழின் பெயர் வேண்டாம். கோடைமரம் கேட்டதற்கு மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து பதில்.

பதில் வராததற்குப் பெரும்பாலும் காரணம் எளிமையானது: ஆள் இல்லை. சம்பளம் இல்லாத இரண்டு மூன்று பேர், தங்கள் வேலை முடிந்த பிறகு இரவில் உட்கார்ந்து படிக்கிறோம். ஒரு கதையைத் திருப்பி அனுப்ப முடிவு செய்தாலும் அதைச் சொல்லும் கடிதத்தை எழுதுவதில் ஒரு தயக்கம், அப்படியே தள்ளிப்போகும். இது சரியென்று சொல்லவில்லை. எழுதியவருக்கு ‘இல்லை’ என்ற பதிலாவது சேர வேண்டும். அதற்காகவே நாங்கள் ஒரு காலக்கெடு வைத்துக்கொண்டோம். கெடு தாண்டினால் எழுத்தாளர் வேறு இதழுக்கு அனுப்பலாம் என்று முன்பே சொல்லிவிடுகிறோம்.

பகை பற்றி எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கதை அனுப்பியவர் எங்கள் குழுவில் ஒருவருடைய புத்தகத்தை விமர்சித்திருந்தால், அந்த ஒருவர் அந்தக் கதையைப் படிப்பதில்லை. மற்றவர்கள் முடிவு செய்வார்கள். பாராட்டி எழுதியிருந்தாலும் இதே விதிதான். பாராட்டுக்குக் கைமாறு செய்வது இன்னும் நுட்பமான ஊழல், அதை யாரும் கவனிப்பதில்லை.

கதைகள் திரும்பிப் போகும் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். கோடைமரம் கடைசிப் பத்தியைச் சொன்னார். எங்கள் கண்ணில் படுவது முதல் பக்கம். கதை உண்மையில் இரண்டாம் பக்கத்தில்தான் தொடங்கும். முதல் பக்கம் முழுக்க எழுதுகிறவர் தன்னைத் தயார்படுத்திக்கொள்வார்: வானிலை, அலாரம், விழிப்பு, நினைவு. அதை எழுதித்தான் ஆக வேண்டும், உள்ளே போக அதுதான் வழி. அனுப்பும்போது மட்டும் எடுத்துவிடலாம். ஒரு கதையை ஒரே அமர்வில் படிக்க வேண்டும், எல்லாம் ஒரே விளைவை நோக்கிப் போக வேண்டும் என்று அமெரிக்கக் கதாசிரியர் எட்கர் ஆலன் போ 1842இல் எழுதினார். அதுவும் ஹாதோர்னின் தொகுப்புக்கு எழுதிய மதிப்புரையில்தான். கதை எழுதுகிறவர் இன்னொரு கதாசிரியருக்கு மதிப்புரை எழுதப்போய்ச் சிறுகதைக்கே ஓர் இலக்கணம் கிடைத்தது. தூரதேசி இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

செவ்வந்தி:

இந்த வருடம் என் முதல் தொகுப்பு வந்தது. மதிப்புரை வாங்கிக்கொள்ளும் இடத்திலிருந்து யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன்.

புத்தகம் வந்த வாரத்தில் நிறைய வாழ்த்துகள். “அருமை”, “தவறவிடக் கூடாத தொகுப்பு”. மனம் நிறைந்தது, மறுக்கவில்லை. பிறகு ஒரு அமைதி. யாராவது படித்தார்களா என்று யாரிடமும் கேட்கவும் முடியாது. அந்த அமைதிதான் கொடுமை.

பிறகு ஒருவர் எழுதினார். எனக்கு முன்பின் தெரியாதவர். என் கதைகளில் ஆண்கள் எல்லாரும் ஒரே மாதிரிப் பேசுகிறார்கள் என்று எழுதியிருந்தார். அன்று தூக்கம் வரவில்லை. ஆனால் அதே மதிப்புரையில், நான் பெரிதாக நினைக்காத ஒரு கதையிலிருந்து ஒரு வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போட்டு, அதில் வினைச்சொல் தள்ளி வருவதால் அந்தப் பெண்ணின் தயக்கம் வாசகருக்கே வந்துவிடுகிறது என்று காட்டியிருந்தார். நான் அதை யோசித்து எழுதவில்லை, காதில் சரியாக விழுந்ததால் அப்படி எழுதினேன். அவர் சொன்ன பிறகுதான் எனக்குள் அப்படி ஒரு காது இருக்கிறது என்று தெரிந்தது. எத்தனை “அருமை” வந்தாலும் அது கிடைத்திருக்காது. தூரதேசி அண்ணா, அவரும் கதை எழுதுகிறவர்தான். எழுதுகிறவருக்குத்தான் அந்த வினைச்சொல் கண்ணில் படும் என்று நினைக்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். முடிவைச் சொல்லிவிடாதீர்கள். ஒருவர் என் நீண்ட கதையின் முடிவை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டார்.

வாசகன்மட்டும்:

நான் எழுதுவதில்லை, படிப்பவன் மட்டும். எனக்கு மதிப்புரை வேண்டியது ஒரே காரணத்துக்கு: இதை வாங்கலாமா, என் நேரத்தைக் கொடுக்கலாமா. முதல் இரண்டு பத்தியில் கோட்பாட்டாளர்களின் பெயர் வந்தால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். புத்தகத்திலிருந்து நாலு வரி அப்படியே எடுத்துக் கொடுத்தால் நானே முடிவு செய்துகொள்வேன். விமர்சகர் தி.க.சி. (தி.க. சிவசங்கரன்) பற்றிப் படித்திருக்கிறேன். புதிதாக எழுத வருகிறவர்களுக்கு அஞ்சலட்டையிலேயே கருத்து எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். 2000ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது அவருடைய மதிப்புரைகளும் பேட்டிகளும் அடங்கிய தொகுப்புக்கே கிடைத்தது. அஞ்சலட்டையில் எவ்வளவு இடம் இருக்கும்? அந்த இடத்துக்குள் சொல்ல முடிந்திருக்கிறது.

கோடைமரம்:

எல்லாருக்கும் நன்றி. மெய்ப்பு சொன்ன விதியை மற்ற இதழ்களும் எடுத்துக்கொண்டால் என் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

வடலி, விழா உரைக்கு அழைத்தார்கள். மதிப்புரை எழுதப்போகும் புத்தகத்துக்கு மேடை ஏறுவதில்லை என்று வைத்திருக்கிறேன், அதனால் போகவில்லை. இன்னும் சில வரம்புகள் உண்டு. கைப்பிரதியில் படித்துக் கருத்துச் சொன்ன புத்தகத்துக்கு எழுதுவதில்லை, என் பதிப்பாளர் வெளியிட்டதற்கும் எழுதுவதில்லை. என் கதை ஒன்று முதல் வரைவில் இருக்கும்போது, வலுவான நடை கொண்ட ஒருவரை மதிப்புரைக்காக எடுப்பதில்லை. அவருடைய தாளம் கைக்குள் புகுந்துவிடும். திருத்தும் கட்டத்தில் எடுத்தால் நல்லது, அப்போது என் வாக்கியங்கள் இறுகி இருக்கும்.

அமெரிக்க நாவலாசிரியர் ஜான் அப்டைக் 1975இல் தன் கட்டுரைத் தொகுப்பின் முன்னுரையில் மதிப்புரைக்கான விதிகள் சில சொல்லியிருக்கிறார். ஆசிரியர் எதைச் செய்ய நினைத்தாரோ அதைப் புரிந்துகொள், அவர் முயலாத ஒன்றைச் செய்யவில்லை என்று குறை சொல்லாதே என்பது முதலாவது. மேற்கோள் தாராளமாகக் கொடு, முடிவை வெளிப்படுத்தாதே என்பதும் உண்டு. வாசகன்மட்டும் கேட்டதும் செவ்வந்தி கேட்டதும் அதிலேயே இருக்கின்றன. அப்டைக்கும் வாழ்நாள் முழுக்கக் கதையும் மதிப்புரையும் சேர்த்தே எழுதியவர்.

இன்னொரு வரம்பு, அதில்தான் எனக்கு உறுதி அதிகம். முதல் தொகுப்பு முற்றிலும் பலவீனமாக இருந்தால் அதைப் பற்றி எழுதுவதில்லை. பேர் பெற்றவரின் பலவீனமான புத்தகம் என்றால் எழுதியே ஆக வேண்டும். அவரைப் பார்த்துத்தான் பலர் எழுதுகிறார்கள்.

தூரதேசி:

செவ்வந்தி சொன்னதுல எனக்குப் பதில் இல்ல. அந்த வினைச்சொல் விஷயம் உண்மை. அதனால விட்டுடுங்கன்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்.

ஆனா அந்தக் கடைசி வரம்பு சரியில்ல. நீங்க முதல் தொகுப்புகளைத் தேடிப் படிக்கறவங்கன்னு எல்லாருக்கும் தெரியும். நீங்க எழுதலன்னா அதுவே தீர்ப்பாயிடும். அதுவும் காரணம் சொல்லாத தீர்ப்பு. செவ்வந்தி சொன்ன அந்த அமைதியை நீங்களே கொடுக்கறீங்க. ஆண்கள் எல்லாரும் ஒரே மாதிரிப் பேசறாங்கன்னு சொன்னதுனாலதானே அவங்க அடுத்த கதைல அதைக் கவனிப்பாங்க? மோசமான தொகுப்புக்கும் அந்த உரிமை உண்டு.

பழைய ஏடு:

இதில் நான் தூரதேசி பக்கம். 1970இல் தொடங்கிய இலக்கியச் சிந்தனை அமைப்பு மாதம்தோறும் இதழ்களில் வந்த கதைகளைப் படித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துவந்தது. பிறகு அவற்றிலிருந்து ஆண்டின் சிறந்த கதை. அங்கே முழுத் தொகுப்பும் நன்றாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையே இல்லை. ஒரு கதை நின்றால் போதும். புதியவர்கள் பலர் அந்த ஒரு கதையால்தான் வெளியே தெரிந்தார்கள். தொகுப்பு என்ற அலகை மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடுப்பதால்தான் உங்களுக்கு இந்தத் தர்மசங்கடம் வருகிறது.

கோடைமரம்:

ஐயா, இது நான் யோசிக்காத கோணம். அடுத்த வருடம் இப்படிச் செய்து பார்க்கிறேன்: முதல் தொகுப்பு முழுதாக நிற்கவில்லையென்றால், அதில் நிற்கும் ஒரு கதையை மட்டும் எடுத்து, அந்த ஒரு கதைக்கு முழு மதிப்புரை. மற்றவை ஏன் அதன் பக்கத்தில் நிற்கவில்லை என்பதை அதற்குள்ளேயே மேற்கோளோடு சொல்ல முடியும். தூரதேசி கேட்ட காரணமும் அதில் இருக்கும். தனிக் கதைக்கு ஆயிரம் சொல் ஒதுக்கி எழுதும் வழக்கம் நம்மிடம் குறைவு. ஒரு கதைகூடத் தேறாத தொகுப்பு வந்தால் என்ன செய்வது என்பதற்கு இன்னும் என்னிடம் விடை இல்லை.

மெய்ப்பு:

ஒரே கதைக்கு ஆயிரம் சொல் என்றால் எங்கள் இதழில் இடம் தருகிறோம். இரண்டு நிபந்தனை: கதை ஏற்கெனவே வெளியான இடம் எதுவென்று குறிப்பிட வேண்டும், மேற்கோள் காட்டும் வரிகளுக்குப் பக்க எண் வேண்டும். செவ்வந்தி, வாசகன்மட்டும், நீங்களும் அப்படி ஒரு கதையைக் கண்டால் எழுதி அனுப்புங்கள். ‘இல்லை’ என்றாலும் பதில் வரும்.

வாசகன்மட்டும்:

நான் எழுதியதே இல்லையே. கதையைத் தேர்ந்தெடுத்துவிட்டேன், போன மாதம் படித்ததுதான். முடிவைச் சொல்லாமல் அதைப் பற்றி எப்படிப் பேசுவது என்று யாராவது சொல்லுங்கள். அந்தக் கதையின் பலமே முடிவில்தான் இருக்கிறது.

செவ்வந்தி:

முடிவுக்கு முந்தைய வாக்கியத்தை மேற்கோளாகப் போட்டு, அங்கே வந்தபோது உங்களுக்கு என்ன ஆனது என்று எழுதுங்கள். முடிவை நாங்கள் கதையில் படித்துக்கொள்கிறோம்.